எல்லையில் நிற்கும் மீட்டர்: வீட்டு மின்செலவையும் சோலார் ஏற்றுமதியையும் படித்தறிவது எப்படி

மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல் பொருத்தி இரண்டு மாதம் ஆன ஒரு வீட்டில், ஈ.பி. மீட்டர் இறக்குமதி 410 யூனிட் என்றும் ஏற்றுமதி 460 யூனிட் என்றும் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, பேனல் 460 யூனிட் தயாரித்திருக்கிறது, நாம் 410 யூனிட் செலவழித்திருக்கிறோம் என்று முடிவுகட்டிவிடுகிறார். இரண்டுமே தவறு. அதே இரண்டு மாதத்தில் அவருடைய பேனல்கள் 720 யூனிட் தயாரித்திருக்கலாம். வீடு 670 யூனிட் செலவழித்திருக்கலாம். மீட்டரில் கோளாறு எதுவும் இல்லை. அது எந்த இடத்தில் நின்றுகொண்டு எண்ணுகிறது என்பதை அறியாமல் அதன் எண்களைப் படித்ததால் வந்த பிழை இது.

சோலார் போட்டவர்கள் பலரிடம் பேசும்போது நான் திரும்பத் திரும்பச் சந்திக்கும் குழப்பம் இதுதான். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பேனல் வாங்குகிறார்கள். ஆனால் அது உழைக்கிறதா இல்லையா என்று சொல்லும் எண்களைப் படிக்க அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கூட்டலும் கழித்தலும், ஒரு கைக்கடிகாரமும் போதும்.

முதலில் வாட்டையும் யூனிட்டையும் பிரித்துக்கொள்வோம். வாட் என்பது இந்த நொடியில் மின்சாரம் எவ்வளவு வேகமாகச் செலவாகிறது என்பதைச் சொல்வது. யூனிட் என்பது அந்த வேகத்தில் இவ்வளவு நேரம் ஓடியதால் மொத்தம் எவ்வளவு செலவானது என்பதைச் சொல்வது. 1000 வாட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அதையே கிலோவாட் மணி என்றும் சொல்கிறோம். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி இடைவிடாமல் சூடேறினால் ஒரு மணி நேரத்தில் ஒரு யூனிட்டைத் தின்றுவிடும். டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கும் செட்-டாப் பெட்டி 10 வாட் இழுக்கிறது என்றால் அதற்கு ஒரு யூனிட் தின்ன நூறு மணி நேரம் ஆகும். ஆனால் இஸ்திரிப் பெட்டியை வேலை முடிந்ததும் அணைத்துவிடுகிறோம், செட்-டாப் பெட்டியை யாரும் அணைப்பதில்லை. அறுபது நாள், இருபத்து நான்கு மணி நேரமும் 10 வாட் என்று கணக்கிட்டால் 14.4 யூனிட் ஆகிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் ஏழில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. வாட்டில் சிறியது யூனிட்டில் பெரியதாவது நேரத்தால்தான். ஆகவே எந்தக் கருவியையும் வாட்டை மட்டும் பார்த்து எடைபோடக் கூடாது.

இப்போதைய வாட்டை அறிவதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. வாசலில் இருக்கும் மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருப்பார்கள். 3200 அல்லது 1600 என்ற எண்ணைப் பல மீட்டர்களில் காணலாம். 3200 என்றிருந்தால், ஒவ்வொரு சிமிட்டலும் ஒரு யூனிட்டில் 3200-இல் ஒரு பங்கைக் குறிக்கிறது. இதிலிருந்து எளிய சூத்திரம் ஒன்று கிடைக்கிறது: 1125-ஐ இரண்டு சிமிட்டல்களுக்கு இடைப்பட்ட நொடிகளால் வகுத்தால் வருவது அந்த நேரத்து வாட். 1600 சிமிட்டல் மீட்டருக்கு 1125-க்குப் பதிலாக 2250 என்று போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு சிமிட்டலை மட்டும் அளந்தால் பிசகும். பத்துச் சிமிட்டலுக்கு ஆகும் நேரத்தைக் குறித்துப் பத்தால் வகுப்பது நல்லது. பத்துச் சிமிட்டலுக்கு 45 நொடி ஆனால் ஒன்றுக்கு நான்கரை நொடி. 1125-ஐ நான்கரையால் வகுத்தால் 250 வாட்.

இரவு எல்லோரும் படுத்த பிறகு ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். விளக்கு, விசிறி, ஏ.சி. எல்லாவற்றையும் ஒரு கால்மணி நேரம் நிறுத்திவிட்டு, ஃபிரிட்ஜையும் எப்போதும் பிளக்கில் செருகியே இருப்பவற்றையும் மட்டும் விட்டுவைத்து மீட்டரின் முன்னால் நில்லுங்கள். சிமிட்டலுக்குச் சிமிட்டல் 9 நொடி இருந்தால் 125 வாட். ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சற்று நேரத்தில் அது நின்றதும் இடைவெளி சட்டென்று நீண்டு 45 நொடி ஆகிவிட்டால் 25 வாட். அந்த 25 வாட், யாரும் எதையும் பயன்படுத்தாதபோதும் வீடு இழுத்துக்கொண்டிருப்பது: செட்-டாப் பெட்டி, இன்டர்நெட் ரூட்டர், பிளக்கில் செருகிய சார்ஜர், அடுப்படியில் மணி காட்டும் மைக்ரோவேவ். இரண்டு மாதத்துக்கு இது மட்டுமே 36 யூனிட். இந்த அடிமட்டச் செலவை ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒருமுறையாவது அளந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் பிற்பாடு பில் காரணமின்றி ஏறும்போது ஒப்பிட்டுப் பார்க்க வேறு எந்த எண்ணும் நம் கையில் இருக்காது.

சோலார் இல்லாத வீட்டுக்கு இந்த அளவே போதுமானது. மின்சாரம் தெருக்கம்பத்திலிருந்து மீட்டர் வழியாக வீட்டுக்குள் வருகிறது, வேறு வழியில்லை. ஆகவே மீட்டரில் ஏறியது எதுவோ அதுவே வீட்டின் செலவு. பேனல் வந்ததும் இந்த நிலை மாறுகிறது. பேனலில் பிறக்கும் மின்சாரம், அதை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் வழியாக வந்து, ஈ.பி. மீட்டருக்கு உட்புறத்தில், வீட்டின் மெயின் போர்டில் சேர்கிறது. அப்படிச் சேர்ந்த மின்சாரத்தை முதலில் எடுத்துக்கொள்வது அந்த நேரத்தில் ஓடும் விசிறியும் ஃபிரிட்ஜும்தான். அவை எடுத்தது போக மிஞ்சியது மட்டுமே மீட்டரைக் கடந்து தெருவுக்குப் போகிறது; அதுதான் ஏற்றுமதி. பேனல் தருவது போதாவிட்டால் குறைபாடு மட்டும் மீட்டரைக் கடந்து உள்ளே வருகிறது; அதுதான் இறக்குமதி. வீட்டுக்குள்ளேயே பிறந்து வீட்டுக்குள்ளேயே செலவான மின்சாரம் மீட்டரைத் தொடுவதே இல்லை. சோதனைச் சாவடியில் நிற்பவருக்கு ஊருக்குள் வந்த வண்டியும் ஊரைவிட்டுப் போன வண்டியும் தெரியும். ஊருக்குள்ளேயே ஓடிய வண்டி தெரியாது. சோலார் வீட்டில் இரண்டு திசையையும் தனித்தனியே எண்ணும் நெட் மீட்டரும் அப்படி எல்லையில் நிற்கும் ஒரு கணக்கர்.

அதனால் எல்லைக் கணக்கோடு, பேனல் மொத்தம் எவ்வளவு தயாரித்தது என்ற மூன்றாவது எண்ணும் தேவைப்படுகிறது. அது இன்வெர்ட்டரின் திரையில் அல்லது அதன் செயலியில் கிடைக்கும். சில வீடுகளில் சோலாருக்கென்று தனியே ஓர் உற்பத்தி மீட்டரும் வைத்திருப்பார்கள். இந்த மூன்றும் கையில் இருந்தால் மற்றவை கழித்தல் கணக்குத்தான். உற்பத்தியிலிருந்து ஏற்றுமதியைக் கழித்தால் வீடு நேரடியாகப் பயன்படுத்திய சோலார் கிடைக்கும். அதோடு இறக்குமதியைக் கூட்டினால் வீட்டின் மொத்தச் செலவு கிடைக்கும். தொடக்கத்தில் சொன்ன வீட்டில் உற்பத்தி 720, ஏற்றுமதி 460. ஆகவே 260 யூனிட் வீட்டுக்குள்ளேயே தீர்ந்திருக்கிறது. 260-ஓடு இறக்குமதியான 410-ஐக் கூட்டினால் 670. மீட்டரை மட்டும் பார்த்தவருக்கு அந்த 260 யூனிட் கண்ணிலேயே படவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பகல் பத்து மணிக்கு வெயில் நன்றாக அடிக்கிறது, பேனல் வீட்டுத் தேவைக்கு மேலாகவே தருகிறது, பிறகு ஏன் அந்த ஒரு மணி நேரத்தில் இறக்குமதியும் ஏறியிருக்கிறது என்று கேட்பார்கள். ஒரே கணத்தில் மின்சாரம் உள்ளேயும் வெளியேயும் போக முடியாது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் அது பலமுறை திசை மாறலாம். பேனல் சீராக 1500 வாட் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீசர் போட்டதால் கால்மணி நேரம் வீட்டின் தேவை 2000 வாட்டாக இருந்தது. அப்போது 500 வாட் தெருவிலிருந்து வந்தது. கால்மணிக்கு அது 0.125 யூனிட் இறக்குமதி. மீதி முக்கால்மணி நேரம் தேவை 300 வாட் மட்டும். 1200 வாட் வெளியே போனது, 0.9 யூனிட் ஏற்றுமதி. அந்த மணி நேரத்தில் இரண்டு எண்ணுமே நகர்ந்திருக்கின்றன, இரண்டும் உண்மை. மேகம் கடந்து போகும் நாளில் இது நிமிடத்துக்கு நிமிடம் நடக்கும்.

திசை என்ற சொல்லைப் பயன்படுத்திவிட்டேன். அதை விளக்காமல் போனால் நியாயமாக இருக்காது. நம் வீட்டுக்கு வருவது மாறுமின்னோட்டம்; ஒரு நொடிக்கு ஐம்பது சுற்று முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. எப்போதும் இரண்டு பக்கமும் போய்வருகிற ஒன்றுக்கு உள்ளே, வெளியே என்று திசை எப்படி இருக்க முடியும் என்று அறிவியல் படிக்கும் பிள்ளைகள் கேட்பது சரியான கேள்வி. ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சலும் முன்னும் பின்னும்தான் போகிறது. அது முன்னே போகும்போது முன்னேயும் பின்னே வரும்போது பின்னேயும் சேர்ந்து தள்ளினால் நாம் அதற்கு ஆற்றலைக் கொடுக்கிறோம், வேகம் கூடுகிறது. அது முன்னே வரும்போது எதிர்த்தும் பின்னே போகும்போது இழுத்தும் பிடித்தால் ஆற்றலை அதனிடமிருந்து வாங்கிக்கொள்கிறோம், அது நின்றுவிடுகிறது. இரண்டு நிலையிலும் ஊஞ்சலின் ஆட்டம் ஒன்றே. நம் கையின் விசை அதனோடு ஒத்துப்போகிறதா, எதிர்த்து நிற்கிறதா என்பதே வேறுபாடு. மீட்டர் ஒவ்வொரு கணமும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் சேர்த்து அளந்து பெருக்குகிறது. இரண்டும் ஒரே பக்கம் போனால் பெருக்கல் கூட்டல்குறியோடு வரும்: இறக்குமதி. எதிரெதிராகப் போனால் கழித்தல்குறியோடு வரும்: ஏற்றுமதி.

இதிலிருந்து நடைமுறைக்கு மிகவும் தேவையான ஒன்று தெரியவருகிறது. மின்னோட்டத்தை மட்டும் அளக்கும் கருவியால் திசையைச் சொல்லவே முடியாது. கம்பியைச் சுற்றிக் கவ்வும் எளிய ஆம்பியர் மீட்டர் 5 ஆம்பியர் என்று காட்டும்; அது வருகிற ஐந்தா போகிற ஐந்தா என்பது அதற்குத் தெரியாது. போதாக்குறைக்கு, ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கி வாட் சொல்லும் மலிவான கருவிகள், மோட்டார் போன்ற சுமைகளில் உண்மைச் செலவைவிடக் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் அங்கே மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குச் சற்றுப் பின்தங்கிப் போகிறது; பெருக்கலின் ஒரு பகுதி திரும்பக் கழிந்துவிடுகிறது. சோலார் வீட்டுக்குக் கண்காணிப்புக் கருவி வாங்குகிறவர்கள், அது மின்னழுத்தத்தையும் சேர்த்து அளக்கிறதா, இரண்டு திசையையும் தனித்தனியே எழுதிவைக்கிறதா என்ற இரண்டையும் கேட்டுவிட்டுப் பணம் கொடுக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத கருவி எவ்வளவு அழகான செயலியோடு வந்தாலும் வேண்டாம்.

நெட் மீட்டர் வருவதற்கு முன்பே இன்வெர்ட்டரை ஓடவிடக் கூடாது என்று சொல்வதற்கும் இந்தத் திசைதான் காரணம். பழைய சுழல்தட்டு மீட்டரில் மின்சாரம் வெளியே போனால் தட்டு எதிர்ப்பக்கம் சுற்றும், எண் குறையும். இன்று நம் வீடுகளில் இருக்கும் ஒருவழி மின்னணு மீட்டர்கள் அப்படி இல்லை. கம்பியை மாற்றிக் கொடுத்து மீட்டரை ஏமாற்றுவதைத் தடுப்பதற்காக, எந்தத் திசையில் மின்சாரம் போனாலும் அதைச் செலவாகவே எண்ணும்படி அவற்றை அமைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இதை நேரில் பார்த்தேன். பேனல் பொருத்த வந்தவர், நெட் மீட்டர் வருவதற்குச் சில வாரம் ஆகும், அதுவரை வெயிலை ஏன் வீணாக்க வேண்டும் என்று இன்வெர்ட்டரை ஓடவிட்டுச் சென்றுவிட்டார். மறுநாள் நடுப்பகலில், விசிறிகள்கூட ஓடாத நேரத்தில், மீட்டர் விளக்கு நொடிக்கு இரண்டு முறை சிமிட்டிக்கொண்டிருந்தது. 3200 சிமிட்டல் மீட்டரில் அது 2250 வாட். நாங்கள் தெருவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த மின்சாரத்துக்கு எங்களிடமே பணம் எண்ணிக்கொண்டிருந்தது அந்த மீட்டர். அன்றே இன்வெர்ட்டரை நிறுத்தினோம். நெட் மீட்டர் பொருத்தி, மின்வாரியத்தின் அனுமதி வந்த பிறகு ஓடவிடுவதே விதிக்கும் உகந்தது, பைக்கும் உகந்தது.

நெட் மீட்டர் வந்ததும் அதன் திரையில் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறி மாறி வரும்: தேதி, நேரம், வோல்ட், இறக்குமதி, ஏற்றுமதி, உச்ச சுமை. முதல் நாளே ஐந்து நிமிடம் நின்று, எந்த எண் எப்போது வருகிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மீட்டர்களுக்கு இடையே குறியீடுகள் வேறுபடும். ஆங்கில எழுத்தில் இறக்குமதிக்கும் ஏற்றுமதிக்கும் முதலெழுத்தை மட்டும் போடுவார்கள், சிலவற்றில் 1.8.0 என்றால் இறக்குமதி, 2.8.0 என்றால் ஏற்றுமதி என்ற எண்குறியீடு வரும். சந்தேகம் வந்தால் சூரியன் மறைந்த பிறகு பாருங்கள்: இரவில் நகர்வது எந்த எண்ணோ அது இறக்குமதி, அசையாமல் நிற்பது ஏற்றுமதி.

அடுத்து, வீட்டுக்குள் தனியாகக் கண்காணிப்புக் கருவி வைப்பவர்களுக்கு. இவற்றில் பெரும்பாலானவை சி.டி. என்று அழைக்கப்படும் பிளவு வளையத்தைக் கம்பியைச் சுற்றி மாட்டி அளப்பவை. கம்பியை வெட்ட வேண்டியதில்லை. ஆனாலும் மெயின் போர்டைத் திறந்து செய்யும் வேலை இது, உயிருக்கு ஆபத்தானது; உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துத்தான் செய்ய வேண்டும். ஈ.பி. மீட்டரின் சீலையோ அதற்கு முந்தைய கம்பியையோ யாரும் தொடக் கூடாது. எலக்ட்ரீஷியன் வேலை செய்யும்போது நாம் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. வளையத்துக்குள் ஃபேஸ் கம்பி மட்டும் போக வேண்டும். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மாட்டினால், ஒன்றில் போவது மற்றதில் திரும்பி வருவதால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு கருவி பூஜ்யம் காட்டும். வளையத்தின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். அதன் திசை தவறினால் ஏற்றுமதி இறக்குமதியாகவும் இறக்குமதி ஏற்றுமதியாகவும் தலைகீழாகப் பதிவாகும். இதையும் இரவில்தான் சோதிக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குக் கருவி ஏற்றுமதி என்று காட்டினால் அம்பு திரும்பியிருக்கிறது.

அம்பைவிடவும் முக்கியம் இடம். சோலார் கம்பி மெயின் போர்டில் வந்து சேரும் புள்ளிக்கும் ஈ.பி. மீட்டருக்கும் நடுவில் வளையத்தை மாட்டினால் அது எல்லைக் கணக்கைச் சொல்லும். அந்தப் புள்ளிக்கு அப்பால், வீட்டுச் சுமைகளின் பக்கம் மாட்டினால் வீட்டின் மொத்தச் செலவைச் சொல்லும். இன்வெர்ட்டரிலிருந்து வரும் கம்பியில் மாட்டினால் உற்பத்தியைச் சொல்லும். மூன்றில் எந்த இரண்டு தெரிந்தாலும் மூன்றாவதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆகவே இரண்டு வளையம் உள்ள கருவி ஒரு வீட்டுக்குப் போதும். மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீட்டுக்கு ஃபேஸுக்கு ஒன்றாக வேண்டியிருக்கும். அங்கே வளையத்தை மாற்றி மாட்டி, ஒரு ஃபேஸின் மின்னோட்டத்தை இன்னொரு ஃபேஸின் மின்னழுத்தத்தோடு பெருக்கவிட்டால் வரும் எண்களுக்குப் பொருளே இருக்காது. பொருத்திய பிறகு இரண்டு மூன்று நாள் ஈ.பி. மீட்டரின் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஈ.பி. மீட்டருக்கு அனுமதித்த பிழை நூற்றுக்கு ஒன்று அளவில்தான். வளையக் கருவிகள் சற்றுக் கூடுதலாகப் பிசகும். நூற்றுக்கு இரண்டு மூன்று வேறுபாடு இயல்பு. இருபது வேறுபட்டால் மாட்டியதில் தவறு இருக்கிறது.

கருவியும் சரி, மாட்டியதும் சரி, இருந்தும் ஈ.பி. மீட்டர் மட்டும் அதிகம் காட்டுகிறது என்றால் நியூட்ரலைப் பார்க்க வேண்டும். கீழ்வீடு, மேல்வீடு என்று இரண்டு இணைப்பு உள்ள கட்டடங்களில், கம்பி இழுத்தவர் இரண்டு வீட்டு நியூட்ரலையும் ஓரிடத்தில் சேர்த்துக் கட்டிவிடுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். நம் ஒற்றை ஃபேஸ் மீட்டர்கள் ஃபேஸில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் தனித்தனியே அளந்து, எது அதிகமோ அதைக் கணக்கில் கொள்கின்றன. இதுவும் திருட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடுதான். நியூட்ரல் கலந்திருந்தால் பக்கத்து வீட்டு மின்னோட்டத்தில் ஒரு பகுதி நம் மீட்டரின் நியூட்ரல் வழியே திரும்பும். அது நம் கணக்கில் ஏறும். மீட்டரில் எர்த் என்று குறித்த சிறு விளக்கு ஓயாமல் எரிவது இதன் அடையாளம். நம் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்து எந்தெந்தச் சுமை எப்படிப் பதிவாகிறது என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்து, நியூட்ரலைப் பிரித்துவிட்டால் தீர்ந்துவிடும். சோலார் போடுவதற்கு முன்பே இதைச் சரிசெய்துகொள்வது நல்லது. பிறகு எந்த எண்ணையும் நம்ப முடியாமல் போகும்.

இவ்வளவு எண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை, நம் இணைப்பு எந்த முறையில் கணக்கிடப்படுகிறது என்பதைப் பொறுத்தது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2021-இல் வெளியிட்ட விதிமுறைகள் வீட்டு இணைப்புகளுக்கு நெட் மீட்டரிங் முறையை அனுமதிக்கின்றன. இதில் இறக்குமதியிலிருந்து ஏற்றுமதி யூனிட்டுக்கு யூனிட் கழிக்கப்படும். தொடக்கத்தில் சொன்ன வீட்டில் ஏற்றுமதி 50 யூனிட் கூடுதல். அந்த 50 அடுத்த கணக்கீட்டுக்கு வரவாகச் செல்லும். இந்த முறையில் இருப்பவர், மோட்டாரைக் காலை ஆறு மணிக்குப் போட்டாலும் நண்பகலில் போட்டாலும் யூனிட் கழிவில் வேறுபாடு இல்லை; பகலில் கொடுத்ததையே இரவில் திரும்ப வாங்கிக்கொள்கிறார். எல்லா வேலையையும் பகலுக்கு மாற்றுங்கள் என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை அவருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. 2019-இல் ஆணையம் கொண்டுவந்த நெட் ஃபீட்-இன் முறை வேறு: அதில் இறக்குமதிக்கு ஒரு விலை, ஏற்றுமதிக்கு அதைவிடக் குறைந்த ஒரு விலை. அங்கே வீட்டுக்குள்ளேயே செலவழிக்கும் ஒவ்வொரு சோலார் யூனிட்டும் லாபம். மோட்டாரும் துணி துவைக்கும் இயந்திரமும் நண்பகலில்தான் ஓட வேண்டும். இலங்கையில் 2016-இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமய திட்டத்தில் நெட் மீட்டரிங், நெட் அக்கவுண்டிங், நெட் பிளஸ் என்று மூன்று வழிகளை வைத்தார்கள். மூன்றாவதில் பேனலின் உற்பத்தி முழுவதும் தனி மீட்டர் வழியே நேரே விற்பனைக்குப் போகிறது, வீட்டுச் செலவு அதன் பாட்டுக்குத் தனியே எண்ணப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் உறவினர் சொல்லும் கணக்கும் நம் கணக்கும் ஒத்துவராததற்குக் காரணம் பேனலாக இருக்க வேண்டியதில்லை. மீட்டர் நிற்கும் இடமாகவே இருக்கலாம்.

நெட் மீட்டரிங்கில் இருப்பவரும் பகலில் சுமையைக் கூட்டிக்கொள்ள வேண்டிய ஒரு சூழ்நிலை உண்டு. ஒரே தெருவில் பல வீடுகள் சோலார் போட்டு, டிரான்ஸ்ஃபார்மர் தொலைவில் இருந்தால், நண்பகலில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற்றுமதி செய்யும்போது கம்பியின் மின்னழுத்தம் ஏறும். 250 வோல்ட்டைத் தாண்டிப் போய் இன்வெர்ட்டருக்கு விதித்த உச்சவரம்பைத் தொட்டதும் அது தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். சில நிமிடம் கழித்து மீண்டும் ஓடும், மீண்டும் நிற்கும். உற்பத்தி வரைபடத்தில் நல்ல வெயில் நேரத்தில் அடிக்கடி பள்ளம் விழுவதைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்க முடியும். பில்லைப் பார்த்து ஒருபோதும் முடியாது. அந்த நேரத்தில் மோட்டாரை ஓட்டினால் வெளியே தள்ளுவது குறைந்து மின்னழுத்தமும் சற்று இறங்கும். ஈ.பி. அலுவலகத்தில் வோல்ட் அளவோடு எழுதிக் கொடுத்தால் டிரான்ஸ்ஃபார்மரில் சரிசெய்யவும் வழி உண்டு. மின்தடையின்போது இன்வெர்ட்டர் நிற்பதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காப்பதற்காகவே அது அப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

எனக்கு மிகவும் பயன்பட்ட எண் எது என்று கேட்டால், ஒரு கிலோவாட் பேனலுக்கு ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் என்பதையே சொல்வேன். தமிழ்நாட்டில் ஆண்டுச் சராசரியாக அது ஏறத்தாழ நான்கு; 3 கிலோவாட்டுக்குப் பன்னிரண்டு. பிப்ரவரி, மார்ச் மாதங்களின் தெளிந்த வானத்தில் அதற்கு மேலும் வரும். சித்திரை வெயிலில் இன்னும் கூடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள், ஏனென்றால் பேனல் சூடேறச் சூடேற அதன் திறன் குறைகிறது. 25 பாகை செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு 0.3 முதல் 0.4 வரை இழப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதிக்கும் கீழே போகும் நாட்களும் உண்டு. இந்த ஏற்ற இறக்கம் பழகிவிட்டால், மழையும் இல்லை மேகமும் இல்லை, இருந்தும் நான்கு மூன்றாகிவிட்டது என்பது உடனே கண்ணில் படும். பெரும்பாலும் தூசும் காக்கை எச்சமும்தான் காரணமாக இருக்கும். சில நேரம் பக்கத்துத் தென்னையின் மட்டை வளர்ந்து பிற்பகலில் நிழல் விழத் தொடங்கியிருக்கும். பேனலைக் கழுவுவதென்றால் அதிகாலையில் கழுவுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது.

இவற்றையெல்லாம் எழுதிவைக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ரீடிங் எடுக்க வருபவர் வெள்ளை அட்டையில் குறித்துவிட்டுப் போகும் அன்றைக்கே, அதே நேரத்தில், மீட்டரின் இறக்குமதி எண், ஏற்றுமதி எண், இன்வெர்ட்டரின் மொத்த உற்பத்தி எண் ஆகிய மூன்றையும் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் செயலியின் மாதக் கணக்கை நம்பி இருக்க வேண்டாம். அது ஒன்றாம் தேதியிலிருந்து எண்ணும், ஈ.பி. கணக்கு ரீடிங் எடுத்த நாளிலிருந்து எண்ணும், இரண்டையும் கழித்தால் விடை பிசகும். அடுத்த ரீடிங் நாளில் மீண்டும் மூன்று படம். பழைய எண்களைப் புதிய எண்களிலிருந்து கழித்து, உற்பத்தியிலிருந்து ஏற்றுமதியைக் கழித்து, இறக்குமதியைக் கூட்டினால், அந்த இரண்டு மாதத்தில் வீடு உண்மையில் எத்தனை யூனிட் செலவழித்தது என்பது ஒரு துண்டுத்தாளில் அடங்கிவிடும்.